கூப்பிடும்வரை வெளியே

தெய்வம்மா அக்கா எதையும் கடைசி வரி வரை படிப்பவள். பக்கோடா மடித்து வந்த காகிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம், எஸ்டேட் நோட்டீஸ் போர்டில் மழையில் நனைந்து பாதி அழிந்த அறிவிப்பு என எது கிடைத்தாலும் அடியில் இருக்கும் அச்சாபீஸ் பேர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்வாள். அந்தப் பழக்கம் என்னை ஒருநாள் உரித்துக் காட்டப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். பேர் வேண்டாம். அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஏழாம் நம்பர் லைனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி அவள் வீடு. என்னைவிட எட்டு வயசு மூத்தவள். எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா மூக்கம்மாவுக்குச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், நம்பர் 214. அம்மா ரிட்டயர் ஆனதும் அதே நம்பர் மகளுக்கு வந்தது. லைனில் பாதிப் பேருக்கு அவள் பேரைவிட அந்த நம்பர்தான் முதலில் ஞாபகம் வரும்.

நான் இசக்கி. அப்பா சுடலைமுத்து அதே எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டினார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆறாம் வகுப்பிலிருந்தே லைன் முழுக்க நான்தான் மனு எழுதுவேன். கூரை ஒழுகுகிறது, கம்பளி கொடுக்கவில்லை, மகள் கல்யாணத்துக்கு லீவு வேண்டும் என்று ஊருக்கே ஒரே வாசகம். ‘உயர்திரு துரை அவர்கள் சமூகத்திற்கு’ என்று ஆரம்பித்து, டிவிஷன், லைன், வீட்டு நம்பர், செக்ரோல் நம்பர் எல்லாம் போட்டு, ‘அடியாளின் குறையைத் திருவுளம் பற்றி’ என்று கெஞ்சி, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடிக்க வேண்டும். மூக்கம்மா மனு எழுத வரும்போதெல்லாம் ஒரு கை பொரிகடலை கொண்டுவருவாள். கூடவே தெய்வம்மா அக்கா வந்து என் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வொரு வரியாகப் படிப்பாள்.

மனுவை எஸ்டேட் மேனேஜரான துரையின் ஆபீஸில் கொடுத்தால் வேலை முடியாது. கூப்பிடும்வரை வெளியே சவுக்கு மரத்தடியில் நிற்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, இன்னொரு தடவை ஞாபகப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் மனு அடியில் போய்விடும். எங்கள் கூரைக்காக அப்பா ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் மழையில் நின்றார். ஒரு மணிக்குக் கூப்பிட்டு நாளைக்கு வா என்றார்கள். அப்பாவுக்குத் தலையில் போட்டுக்கொள்ளச் சாக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான். எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு எனக்கு அதே மலையில் வெலிங்டன் ராணுவ ஆபீஸில் சிவிலியன் கிளார்க் வேலை கிடைத்தது. அப்பாவும் கண்ணை மூடினார். லைன் வீட்டைக் காலி செய்து கொடுத்ததோடு அந்த எஸ்டேட்டையும் தலை முழுகினேன். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் கோயம்புத்தூர் என்பேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அப்படித்தான் சொன்னேன். கேட்கிறவர்கள் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள், எனக்குத்தான் மனசுக்குள் ஒரு கூச்சம்.

இரண்டாயிரத்து மூன்றில் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டெலிபோன் வயரில் இன்டர்நெட்டும் போட்டேன். தமிழில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்க ‘விடை மன்றம்’ என்று ஒரு தளம் இருந்தது. யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நான் முதன்முதலில் போட்ட கேள்வி, தமிழில் தட்டினால் எழுத்து வராமல் கட்டம் கட்டமாக வருகிறதே, என்ன செய்வது என்பதுதான். கோயம்புத்தூரில் டி.டி.பி. கடை வைத்திருந்த ஷண்முகப்ரியா என்பவர் ‘வாங்க இசக்கி’ என்று ஆரம்பித்துப் பதில் போட்டார். எனக்குப் புரியாமல் நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் முகம் சுளிக்காமல் எழுதினார். வந்தவரை முதலில் உட்கார வைக்க வேண்டும், வைவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

ஒரே வருஷத்தில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். ஷண்முகப்ரியாவைப் போல என்னையும் மட்டுறுத்துநர் ஆக்கினார்கள். யார் எழுதியதை வைப்பது, எதை நீக்குவது, எந்தக் கேள்விக்குப் பூட்டுப் போடுவது எல்லாம் என் கையில். ‘மலைச்சிங்கம்’ என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதக் கூசுகிறது. எனக்கு ஏற்கெனவே வாய்க்கொழுப்பு, போதாததற்கு இந்த அதிகாரம் வேறு. ஆபீஸில் நாள் முழுக்கத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, புதிதாக வருகிறவர்களை ஒரு பிடி பிடிப்பேன். கேட்டதையே கேட்கிறாய், விதியைப் படித்தாயா, கண் இல்லையா என்பேன். சுற்றி இருக்கும் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் காரம் சேர்ப்பேன்.

அந்தச் சமயத்தில் மலையில் டீக்குக் கெட்ட காலம். விலை விழுந்து வருஷக் கணக்கில் எழவில்லை. தெய்வம்மா அக்காவின் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவள் புருஷன் மருதாசலம் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார், குடும்பத்தோடு வந்துவிடு என்று ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். மகள் மகாலட்சுமி பத்தாவது. மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்காவது மலையிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. ஓர் அறக்கட்டளைக்காரர்கள் லைனில் இருந்த பழைய பிள்ளைக் காப்பகத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் அங்கேயே தமிழில் அடித்துக் கொடுக்கலாம், அதற்கு ஒரு ஆள் மாதச் சம்பளத்தில் என்றார்கள். கோத்தகிரி மகளிர் சங்கத்தில் ஆறு மாதம் நடந்தே போய்க் கம்ப்யூட்டர் படித்திருந்த தெய்வம்மா அக்காதான் அந்த ஆள். இரண்டு மாதம் தவணை. பிப்ரவரி முதல் வாரம் வந்து பார்ப்போம், தமிழில் ஒரு மனு அடித்துக் காட்டினால் கம்ப்யூட்டரும் வேலையும் இங்கே, இல்லாவிட்டால் தேவாலாவுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினைத் திறந்தால் ஆங்கிலம் வந்தது. தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வந்தது.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எனக்கு முதலில் தெரிந்தது அவள் போட்ட கேள்விதான். இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் முதல் ஞாயிறு, கோத்தகிரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்திருக்கிறாள்.

‘உயர்திரு விடை மன்றம் துரை அவர்கள் சமூகத்திற்கு. மேல் டிவிஷன், ஏழாம் லைன், ஐந்தாம் வீடு, செக்ரோல் நம்பர் 214, தெய்வம்மா தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் மனு. ஐயா, எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து தெரியவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டமாக வருகிறது. அடியாளின் குறையைத் திருவுளம் பற்றி வழி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள தெய்வம்மா.’

எஸ்டேட் பேரும் போட்டிருந்தாள். படித்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரிந்துதான் செய்தேன். என் வாசகம் அது. ஒரு கை பொரிகடலைக்கு நான் எழுதிக்கொடுத்தது. இத்தனை படித்தவர்கள் நடுவில் அது அம்மணமாக வந்து நின்றபோது, என் லைன் வீட்டுக் கதவை யாரோ திறந்து காட்டிவிட்டது போலப் பதறினேன். அவளை விரட்டினால்தான் எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகும். திங்கட்கிழமை இப்படிப் பதில் போட்டேன்.

‘மனு கிடைத்தது. துரை ரவுண்டு போயிருக்கிறார். நூறு பேர் கேட்ட கேள்வியைத் தேடிப் பார்க்கவும், விதிகளைப் படிக்கவும். அதன் பிறகு, கூப்பிடும்வரை வெளியே நிற்கவும்.’

உண்மையான பதில் மூன்று வரி. கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் சி.டி.யைப் போடு, கன்ட்ரோல் பேனலில் மொழி என்று இருக்கும் இடத்தில் ஒரு டிக் அடி, மெஷினை அணைத்துத் திரும்பப் போடு. அவ்வளவுதான். அதை எழுத ஆகும் நேரத்தைவிட நக்கலை யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது.

கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து இன்னொன்று எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் வேறு யாரும் பதில் போட முடியாதபடி அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டேன்.

ஷண்முகப்ரியா ஒரு மாதமாகத் தம்பி கல்யாண வேலையாக மன்றம் பக்கம் வரவில்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு எனக்குத் தனியாக எழுதினார். ‘ஏனுங்க இசக்கி, அந்தம்மா ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் வர்றாங்க, பாத்தீங்களா? பதினொரு மணிக்கு வந்து தனிச்செய்திப் பெட்டிய மட்டும் தொறந்து பாக்கறாங்க. வேற எதையும் தொடறதில்ல. அரைமணி நேரம் இருந்துட்டுப் போயிடறாங்க. நீங்கதான நிக்கச் சொன்னீங்க, நீங்களே கூப்புட்டுருங்க.’

மட்டுறுத்துநருக்கு மட்டும் தெரியும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். செய்தி எதுவும் இல்லாத பெட்டியை ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தாறு தடவை திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறுகூட வந்திருக்கிறாள். வேடிக்கைக்காக எழுதியதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் லைனில் பிறந்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஜனவரி முப்பது, பதினொரு மணிக்கு நானும் போய் உட்கார்ந்தேன். மன்றத்தில் இப்போது இருப்பவர்கள் என்ற பட்டியலில் அவள் பேர் பச்சையாக எரிந்தது. மூன்று வரியையும் அடித்து வைத்துவிட்டேன். மேலே ‘அக்கா’ என்று போடுவதா ‘அம்மா’ என்று போடுவதா என்று குழம்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அவள் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லி எழுதுவாள், எங்கள் சுடலைமுத்து மாமா மகன் என்றுகூட எழுதுவாள், என் வேஷம் கலைந்து மானம் போகும். அனுப்பு என்ற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அவள் பேர் அணைந்தது. அடித்ததை அழித்துவிட்டுக் கறி வாங்கப் போனேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. பன்னிரண்டு மணி வரை பார்த்தேன். பிறகு என்னால் உட்கார முடியவில்லை. விண்டோஸ் சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பக்கத்தையே மன்றத்திலிருந்து நீக்கிவிட்டேன். இனி யாரும் அதைப் படிக்க முடியாது என்று ஒரு நிம்மதி.

கோத்தகிரியில் பஸ் மாறி எஸ்டேட்டில் இறங்கியபோது மூன்று மணி. அக்கா வாசலில் சாக்குப்பைக்குள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இசக்கித் தம்பியா? எத்தன வருசமாச்சு. ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? மகா, ஓடியா, சொடலமுத்து தாத்தா மகன் வந்துருக்காரு பாரு.”

“இங்க கம்ப்யூட்டர் வந்திருக்குன்னு கோத்தகிரில சொன்னாங்கக்கா. பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்” என்று பொய் சொன்னேன்.

“அது முடிஞ்சுபோச்சு தம்பி. வியாழக்கெழமை வந்து பாத்தாங்க. கட்டங் கட்டமாத்தான் வந்துச்சு. நாளைக்கு வந்து தேவாலாவுக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். நாங்களும் புதங்கெழமை திருப்பூர் போறோம். மகா பரிச்சைய அங்கிருந்து வந்து எழுதலாங்கறாங்க. நடக்குமான்னு தெரியல.”

நடக்கவில்லை. மகாலட்சுமியும் பனியன் கம்பெனிக்குத்தான் போனாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

“யாருகிட்டயும் கேக்கலியாக்கா?” என்றேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை.

“கேட்டேன் தம்பி. இன்டர்நெட்டுல ஒரு சாரு. பெரிய ஆளு. விதியப் படிச்சுட்டு, கூப்புடற வரைக்கும் வெளிய நிக்கச் சொன்னாரு. விதி முப்பத்திரெண்டும் எனக்கு மனப்பாடம். மூணு ஞாயிறு போயி நின்னேன். அவருக்கு எத்தன சோலியோ.”

“மறுக்கா கேட்டிருக்கலாமேக்கா.”

“கூப்புடாம எப்படித் தம்பி உள்ள போறது? வர்ற பதிலும் வராமப் போயிருமில்ல.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்க, மெஷினைப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அக்காவும் மகாலட்சுமியும் கூடவே வந்தார்கள்.

காப்பகத்தில் ஒரே ஒரு நாற்காலி. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சி.டி.யைப் போட்டேன், டிக் அடித்தேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்குள் நான் செய்வதை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“எதுக்குக்கா, மெஷினுதான் நாளைக்குப் போகுதே.”

“தேவாலாக்காரங்களுக்குக் குடுத்தனுப்பலாம் தம்பி. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா அவுங்க முழிக்கக் கூடாதில்ல. பாவம், புதுசா வர்றவங்க.”

மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். அக்கா அலமாரியிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தாள். “சரியாச்சான்னு பாக்க ஒண்ணு வெச்சிருக்கேன். அந்த சாரு எழுதுன பக்கம். பிரவுசிங் சென்டர்ல மேலாப்புலதான் படிக்க முடிஞ்சுது, நேரம் ஆயிருச்சு. ஊட்டுல போயி நிதானமாப் படிக்கலாமுன்னு இதுல ஏத்திட்டு வந்தேன். இங்க போட்டா வெறுங்கட்டம். தெனமும் போட்டுப் பாப்பேன்.”

மன்றத்திலிருந்து நான் நீக்கிவிட்டு வந்த பக்கம் அவள் கையில் இருந்தது. அவள் என்னை எழுப்பி நாற்காலியில் உட்கார்ந்து, ஃபிளாப்பியைப் போட்டாள். திரை முழுக்கத் தமிழ். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. “மகா, பாரு சாமி, எழுத்து வந்துருச்சு” என்றாள். பிறகு தன் மனுவை ராகம் போட்டு வாசித்தாள். என் பதிலையும் வாசித்தாள்.

“போதும்க்கா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

“இரு தம்பி, கீழ இன்னும் இருக்குது.”

ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘அடுத்து கம்பளி கேட்பார் பாருங்கள்.’ ‘துரை சாருக்கு ஒரு கும்பிடு.’ குரல் இறங்கிக்கொண்டே வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அடுத்தது சென்னையில் இருக்கும் கீர்த்திவாசன் எழுதியது. ‘வெலிங்டன் இசக்கி, மலைச்சிங்கமே, நீ அந்த மலைதானே? உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா?’

அதன் கீழே நான் எழுதியது. அதையும் வாசித்தாள். ‘எனக்கும் அந்த எஸ்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. நான் கோயம்புத்தூர்க்காரன். லைன் ஆட்கள் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.’

அதற்கும் கீழே பூட்டுப் போட்ட தேதியும் நேரமும் இருந்தன. அதையும் படித்து முடித்தாள். மகாலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஃபிளாப்பியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள்.

“உக்காருங்க சார்” என்றாள். “மகா டீ போடுவா, குடிச்சிட்டுப் போங்க.”

வந்ததிலிருந்து தம்பி தம்பி என்று கூப்பிட்டவள். நான் உட்கார்ந்தேனா நின்றேனா என்று ஞாபகமில்லை. அக்கா வாசற்படியைத் தாண்டிப் போய் வெளியே சுவரோரமாக நின்றுகொண்டாள்.

“உள்ள வாங்கக்கா” என்றேன்.

“இருக்கட்டுங்க சார்” என்றாள்.